கருந்துளையின் சுழற்சி மேல் வரம்பான 0.998இல் முட்டி நிற்கிறது, நம்பலாமா?

விண்மீன் அளவுக் கருந்துளை ஒன்றின் நுஸ்டார் (எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கி) நிறமாலைக்கு ரெல்க்ஸில் மாதிரியை (துளையைச் சுற்றும் வாயு வட்டில் பட்டுத் திரும்பும் எக்ஸ்-கதிரைக் கணிப்பது)ப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுருக்கிய கை-வர்க்கம் (பொருத்தத்தின் தரம், 1க்கு அருகில் இருந்தால் நல்லது) 1.03, எச்சங்கள் (தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம்) சமமாகக் கிடக்கின்றன, 6.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் இரும்புக் கோடும் 20-30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பக்கத்துக் காம்ப்டன் திமிலும் (வட்டில் சிதறிய கதிர் தரும் மேடு) கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. ஆனால் சுழற்சி மேல் வரம்பிலேயே ஒட்டிக்கொண்டது, இரும்பு வேறு சூரியனைப் போல 8 மடங்கு கேட்கிறது. அவ்வளவு இரும்புக்கு எங்கே போவது? வட்டின் உள் ஆரத்தை -1இல் பூட்டியிருக்கிறேன். அதையும் அவிழ்த்தால் சுழற்சியும் அதுவும் சேர்ந்து எங்கெங்கோ ஓடுகின்றன.

பதில் 1
ஓடத்தான் செய்யும். அந்தக் கழித்தல் குறிக்கு அர்த்தம், ஆரத்தைக் கடைசி நிலையான வட்டப்பாதையின் (இதற்கு உள்ளே போனால் பொருள் துளைக்குள் விழுந்துவிடும்) மடங்காக எடுத்துக்கொள் என்பது. அதாவது வட்டு அதுவரைக்கும் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோட்டின் சிவப்புப் பக்க வால் காட்டுவது உள் விளிம்பு எங்கே என்பதை மட்டும்தான். சுழலாத துளைக்கு அந்தப் பாதை 6 ஈர்ப்பு ஆரம் (துளையின் நிறையைப் பொறுத்த நீள அலகு), 0.998க்கு 1.24, இந்தக் கணக்கை வைத்துத்தான் சுழற்சி என்று எழுதுகிறோம். மூலம் தாழ்-கடின நிலையில் (ஒளி மங்கி, உயர் ஆற்றல் எக்ஸ்-கதிர் ஓங்கியிருக்கும் நிலை) இருந்தபோது எடுத்த தரவா? அப்படியென்றால் வட்டு அந்தப் பாதைக்கு வரும் முன்னாடியே அறுந்திருக்கலாம், அங்கே -1 போடுவதே சரியா என்று முதலில் யோசியுங்கள். உமிழ்திறன் அடுக்கு (வட்டில் வெளியே போகப் போக வெளிச்சம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது) எவ்வளவு வந்தது?

பதில் 2
இரும்புக்குக் காரணம் பெரும்பாலும் வட்டின் அடர்த்தி. சாதா ரெல்க்ஸிலில் அது கன சென்டிமீட்டருக்கு 10இன் 15ஆம் அடுக்கில் உறைந்து கிடக்கிறது. விண்மீன் மண்டல மையத்துப் பெருந்துளைகளுக்குப் பரவாயில்லை, நிறை குறையக் குறைய வட்டு அடர்த்தியாகும், உங்களுடையதுக்கு அது ரொம்பக் குறைவு. சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளையில் அடர்த்தியைக் கூட்டியதும் சூரிய அளவு இரும்பே போதும் என்றாகிவிட்டது. ரெல்க்ஸில்டி (அடர்த்தியை மாற்றவிடும் வகை) போட்டுப் பாருங்கள், ஆனால் அதில் வெட்டு ஆற்றல் (நிறமாலை சரியத் தொடங்கும் இடம்) 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் நிலையாக இருக்கும், அதை மறந்துவிட்டு நான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கேட்டவர்
அடுக்கு 8.5. தாழ்-கடின நிலைதான், அதைக் கவனிக்கவே இல்லை.

பதில் 1
8.5 என்றால் வட்டின் உள் ஓரத்தில் மட்டும்தான் வெளிச்சம் விழுகிறது என்று அர்த்தம், வெளியே இயல்பாக 3தான் வரும். விளக்குக்கம்ப வகையை (துளைக்கு மேலே ஒரு புள்ளியிலிருந்து ஒளி வருவதாக எடுத்துக்கொள்வது) போட்டுக் கொரோனா (அந்த எக்ஸ்-கதிரை வீசும் சூடான வாயு) எவ்வளவு உயரம் கேட்கிறது என்று பாருங்கள். உயரமாக வந்தால் உள் ஓரத்துக்கு ஒளியே சரியாகப் போகாது, அப்போது சுழற்சியைப் பற்றி அந்தத் தரவு ஒன்றும் சொல்லாது. அப்புறம், ஒற்றைப் பிழை எல்லையை நம்பாமல் சுழற்சிக்கும் உள் ஆரத்துக்கும் ஸ்டெப்பார் (இரண்டையும் படிப்படியாக மாற்றிப் பொருத்திப் பார்க்கும் கட்டளை) ஓட்டி இருபரிமாணச் சமவரைகளை இங்கே போடுங்கள்.

கேட்டவர்
அடர்த்தியை அவிழ்த்துவிட்டதும் இரும்பு 2.1க்கு இறங்கிவிட்டது, கை-வர்க்கம் பெரிதாக மாறவில்லை. சுழற்சி இன்னும் வரம்பிலேதான். ஸ்டெப்பார் ஓடுகிறது, காலையில் படம் போடுகிறேன்.