மெடிக்கல் இல்லஸ்ட்ரேஷனுக்கு தமிழ்ல என்ன? இன்னிக்கு ராத்திரிக்குள்ள வேணும்

வேளச்சேரி:
வணக்கம், ஒரு அவசரம். மெடிக்கல் இல்லஸ்ட்ரேஷன் மாநாடு ஒண்ணுல ஒர்க்‌ஷாப் நடத்த விண்ணப்பம் போடறேன், இன்னிக்குதான் கடைசி நாள். விஷயம் என்னன்னா, பித்தப்பை ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிகிட்ட காட்டற படத்துல பேரெல்லாம் தமிழ்ல எழுதினா படத்தோட அமைப்பே மாறுது, அதை எப்படி சமாளிச்சு வரையறதுன்னு ரெண்டு மணி நேரம், கையில பென்சிலோட. தலைப்புல தமிழ்ச் சொல் ஒண்ணு தமிழ் எழுத்துலயே இருக்கணும்னு ஆசை. 'மருத்துவ ஓவியம்'னு போட்டேன், என் தம்பி பாத்துட்டு "படம் வரைய வச்சு மனசை சரி பண்ணுவாங்களே, அதுவாக்கா?"ன்றான். அப்புறம் உறுப்புலேர்ந்து பேர் வரைக்கும் ஒரு கோடு இழுப்போமே, லீடர் லைன், அதுக்கும் ஒரு சொல் குடுங்க.

தாம்பரம்:
கோட்டுக்கு 'சுட்டுக்கோடு'. அ, இ, உ சுட்டெழுத்து மாதிரி இதுவும் சுட்டுது, அவ்ளோதான். கிளாஸ்ல பசங்ககிட்ட நான் அப்படித்தான் சொல்றேன். படத்துக்கு 'உடற்கூறு ஓவியம்' போதுமேம்மா.

பெரம்பூர்:
சுட்டுக்கோடு ஓகே. (ஒரு சொல்லுக்கு யாருமே சண்டை போடல, தேதி குறிச்சு வச்சுக்கோங்க.) ஆனா உடற்கூறு வேணாம் சார். பேப்பர்ல தினம் 'சடலத்தை உடற்கூறாய்வுக்கு அனுப்பினர்'னு வருது, பித்தப்பையில கல்லுன்னு வந்தவர் அட்டையில உடற்கூறுன்னு பாத்தா அப்படியே எழுந்து பஸ் ஏறிடுவார்.

மாம்பலம்:
'கூறாய்வு' என்று பெரம்பூர் தம்பி சரியாக எழுதியதற்கு நன்றி. கூர்ந்து ஆய்வதால் 'கூராய்வு' என்பார் உளர். நான் ஏற்பதில்லை, கூறு போடுவதால் கூறு. மீன் கடையில் கேட்டாலே சொல்வார்கள். அது நிற்க. சொல்லை ஏன் வெளியே தேட வேண்டும்? நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம் கடுப்ப' என்று வருகிறதே! வண்ணம் கொண்டு எழுதாத, வடிவைக் கோட்டால் மட்டும் காட்டிய சித்திரம் என்றே நச்சினார்க்கினியரும் உரை சொல்கிறார். புனைதல் என்றால் அலங்கரித்தல், கற்பித்தல் இரண்டும்தான். இரண்டும் இல்லாதது மருத்துவப் படம். ஆகவே 'புனையா ஓவியம்'.

வளசரவாக்கம்:
ஐயா சொன்னது வடிவாத்தான் இருக்கு, ஆனா ஆருக்கு விளங்கும்? எங்கட யாழ்ப்பாணத்துக்கு 1847ல வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர், அனாட்டமிக்கு அவர் 'அங்காதிபாதம்' எண்டு எழுதினவர். கேசாதிபாதம், பாதாதிகேசம் எண்டு சிற்றிலக்கியம் இருக்கெல்லோ, தலையில இருந்து கால் வரைக்கும், இல்லாட்டி காலில இருந்து தலை வரைக்கும் ஒவ்வொரு உறுப்பாப் பாடுறது, அந்த வாய்ப்பாட்டிலதான் இந்தச் சொல்லையும் வார்த்திருப்பினம் எண்டு எனக்கொரு எண்ணம். அந்தக் காலத்துப் பிள்ளையள் அதைக் கேட்ட உடன பிடிச்சிருப்பினம். இப்ப நான் வார்டில அங்காதிபாதம் எண்டு சொன்னா நர்ஸ்மாரே திரும்பிப் பாப்பினம்.

பெரம்பூர்:
அப்ப பித்தப்பை மட்டும் போட்டா 'அங்கப்பாதி'யா டாக்டரக்கா?

வேளச்சேரி:
ஐயா கோச்சுக்காதீங்க, புனையா ஓவியம் கேக்க ரொம்ப அழகு, ஆனா தொழிலுக்கு நேர் எதிர். வயித்துக்குள்ள உண்மையில பாத்தா மஞ்சளா கொழுப்பு, ரத்தம், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிட்டு கிடக்கும், போட்டோ எடுத்தா நோயாளிக்கு எது பித்தப்பை எது கல்லீரல்னே தெரியாது. நாங்க கொழுப்பை எடுத்துடறோம், நாளத்தை கொஞ்சம் இழுத்து பிரிச்சு காட்டறோம், தமனிக்கு சிவப்பு, சிரைக்கு நீலம், எந்த மனுஷனுக்கு உள்ள நீலமா ஓடுது சொல்லுங்க? 1894ல ஜெர்மனியிலேர்ந்து பால்டிமோர் போன மாக்ஸ் ப்ரூடல்தான் எங்க தொழிலுக்கு ஆசான், 1911ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல இதுக்குன்னே ஒரு துறை ஆரம்பிச்சவர். விஷயம் முழுசா புரிஞ்ச பிறகுதான் பென்சிலை எடுக்கணும்ங்கறது அவர் பாடம். புரிஞ்சுகிட்டு, வேண்டாததை விட்டு வரையறது புனையறதுதானே?

பெரம்பூர்:
ஒரு சின்ன பெருமை அடிச்சுக்கறேன். நான் படிச்ச எழும்பூர் ஓவியக் கல்லூரியை 1850ல ஆரம்பிச்சவரே ஒரு சர்ஜன், அலெக்ஸாண்டர் ஹன்டர். அங்கேர்ந்து மெடிக்கல் காலேஜ் நடக்கற தூரம்தான், நாங்க ஒருநாள் கூட நடக்கல. சரி விஷயத்துக்கு வரேன், 'மெடிக்கல் படம்'னு போட்டா என்ன? லேமினேஷன் கடைக்காரர்லேர்ந்து எல்லாருக்கும் புரியும்.

மாம்பலம்:
எக்ஸ்ரேயும் 'மெடிக்கல் படம்'தான். ஸ்கேனும் அதுதான். புரிகிறது என்பதற்காகத் தவறாகப் புரியும் சொல்லை வைக்கலாமா?

தாம்பரம்:
மதியம் பீரியட் நடுவுல தோணுச்சு: விளக்கோவியம். விளக்கு + ஓவியம். வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. விளக்கிய, விளக்குகின்ற, விளக்கும் ஓவியம். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்', இலக்கணமும் சுத்தம்.

பெரம்பூர்:
குத்துவிளக்கு படம்னு நினைச்சுப்பாங்க சார். பல் டாக்டருக்கு வரைஞ்சா 'பல் விளக்கோவியம்', காலையில எழுந்ததும் பாக்கணுமா?

வேளச்சேரி:
ஐயோ சிரிச்சு முடியல, ஆனா தம்பி, நீங்க கேலி பண்ண அர்த்தம்தான் எனக்கு பிடிச்சுப் போச்சு! பாத்திரம் விளக்கறோம், பல் விளக்கறோம், அதே வேலைதான் இங்கயும், அழுக்கை தேச்சு எடுத்துட்டு உறுப்பை பளிச்சுனு காட்டறது. வெளிச்சம், சொல்லிப் புரியவைக்கறது, தேய்க்கறது, மூணும் ஒரே சொல்லுல இருக்கு. 'மருத்துவ விளக்கோவியம்' போட்டுடறேன்.

வளசரவாக்கம்:
எனக்குச் சம்மதம். களைச்சுப் போனன்.

மாம்பலம்:
எனக்குச் சம்மதமில்லை என்று பதிவு செய்க. ஆங்கிலச் சொல்லிலும் ஒளியூட்டல் என்ற வேர் இருப்பதால் அதை நகலெடுத்தது போலாகிறது. நமக்கு நெடுநல்வாடை போதாதா? 'ஒர்க்‌ஷாப்' என்பதையும் பார்த்தேன். பட்டறை என்றால் கொல்லன் பட்டறை, ஆகவே பயிலரங்கு. அதைத் தனி இழையில் பேசுவோம்.

வேளச்சேரி:
சரிங்க ஐயா. மத்தபடி சுட்டுக்கோட்டை வச்சுதான் விண்ணப்பத்தோட பாதியே எழுதினேன். 1858ல கிரே அனாட்டமி புத்தகத்துக்கு படம் போட்ட கார்ட்டர் (பிறகு பம்பாய் மெடிக்கல் காலேஜ்ல வேலை பாத்தவர்) நிறைய இடத்துல பேரை உறுப்பு மேலயே எழுதிட்டார், கோடே வேணாம். தமிழ்ல 'பித்தப்பை நாளம்'னு எழுதினா அந்த நாளத்தை விட பேர் நீளம், மேல ஒற்றுப்புள்ளி, சுழி, கீழ தகரத்தோட வால், எழுத்தை சின்னதாக்கினா நோயாளியோட அம்மாவுக்கு தெரியாது. அதனால சுட்டுக்கோட்டை இழுத்து ஓரத்துல போடணும், ஒண்ணை ஒண்ணு வெட்டாம. ஒர்க்‌ஷாப்பே அதுதான். பதினொண்ணே முக்காலுக்கு அனுப்பிட்டேன், வந்தா சொல்றேன்.

பெரம்பூர்:
லேட்டா ஒண்ணு. இன்னிக்கு ஓபில பேஷன்ட்டோட வந்த அம்மா ஒருத்தர் கேட்டாங்க, "அந்த உள்ளாற இருக்கறதை போட்ட படம் குடுங்க"ன்னு. உள்படம்?

மாம்பலம்:
உள் + படம் = உட்படம்.

தாம்பரம்:
ஐயா, பசங்க அதை 'உட்பட'ன்னு படிப்பாங்க.