எழுத்து முதல், தாலி பிறகு: கனடா ஸ்பொன்சர் கோப்புக்கு உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. மாப்பிள்ளை டொரோண்டோவில், பெண் யாழ்ப்பாணத்தில். பெண்ணை மனைவியாகக் கனடாவுக்குக் கூப்பிட (ஸ்பொன்சர்) விண்ணப்பிக்கிறோம். எழுத்து, அதாவது சட்டப்படி கலியாணப் பதிவு, முடிந்து பதினொரு மாதம் கழித்துத்தான் கோயிலில் தாலி கட்டு. எங்கட ஊரில் இது வழமை. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி விடக்கூடாது. உண்மையான உறவில்லை என்றாலும் மறுக்கலாம், குடிவரவுக்காகவே செய்த கலியாணம் என்றாலும் மறுக்கலாம், இரண்டில் ஒன்று போதும். அதனால் உறவு பற்றிய விபரம் கேட்கும் ஐஎம்எம் 5532 படிவத்தோடு, இரண்டு திகதிக்கும் காரணம் சொல்லி ஒரு பக்கக் கடிதம் சேர்க்கிறோம்.

படங்கள் 20க்குள் தெரிந்தெடுத்தாயிற்று. பொன்னுருக்கலில் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு) பெண்ணின் மாமா நிற்கிற படம் உட்பட எல்லாவற்றின் கீழும் திகதி, இடம், உறவுமுறை உண்டு.

சிக்கல் உரையாடல் சான்றில். 10 பக்கம்தான் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் பாதி குரல் பதிவு, மீதி ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். "சாப்பிட்டாச்சோ, அம்மாவுக்கு பிரஷர் குறைஞ்சுதோ" போன்ற வரிகள்தான் உறவைக் காட்டும், ஆனால் மொழிபெயர்ப்பில்லாமல் பயனில்லை. குடும்பத்தார் மொழிபெயர்க்கவும் கூடாது.

இப்படி எழுதிய தமிழை ஏற்கும் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒன்ராறியோவில் யாராவது உண்டா? குரல் பதிவுகளுக்கு அழைப்புப் பட்டியலை மட்டும் வைத்தவர்களிடம் மேலதிகமாக ஏதும் கேட்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.