‘கினு’ என்றால் சிரிக்கிறார்கள், ‘கிட்டு’ என்றால் சிரிப்பதில்லை. ஏன்?

தண்டையார்பேட்டைக்காரி:
பிறந்து வளர்ந்தது வடசென்னைத் தண்டையார்பேட்டை, வேலை ஓஎம்ஆர் பக்கம் ஓர் ஆபீசில். போன வாரம் அம்மா காசிமேட்டிலிருந்து போன் பண்ணினாள். “இன்னாம்மா, மீனு வாங்கிகினியா? ஆட்டோவுல வந்துகினு கீறியா?” என்று சீட்டில் இருந்தபடியே கேட்டுவிட்டேன். பக்கத்து சீட்டெல்லாம் திரும்பிப் பார்த்தது. “உனக்கு இப்படிக்கூடப் பேச வருமா?” என்று ஒருவர் சிரித்தார். அன்றிலிருந்து அம்மா கூப்பிட்டால் மாடிப்படிக்கு ஓடுகிறேன். கோவைக்காரர் ‘ஏனுங்க’ என்றால் மரியாதை, நெல்லைக்காரர் ‘ஏலே’ என்றால் அழகு. எங்கள் மெட்ராஸ் பாஷையின் ‘இன்னா’ மட்டும் ரவுடி பாஷையா?

மில்காரர் மகன்:
எழுத்தில் ‘வாங்கிக்கொண்டு’ என்கிறோம் இல்லையா தங்கச்சி? அந்தக் ‘கொண்டு’ தேய்ந்துதான் மற்ற ஊர்களில் ‘கிட்டு’, நம்மிடம் ‘கினு’. தேய்மானம் ஒன்றுதான். ஆனால் நம்முடையதைப் பேசியவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், மீன் விற்றவர்கள், மில்லில் தறி ஓட்டினவர்கள். அதனால் அது கொச்சையாகிவிட்டது. பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் 1876இல் வந்தது. என் அப்பாவும் அங்கே ஷிப்டு பார்த்தவர்தான். அவரை நாங்கள் அப்பா என்று கூப்பிட்டதே இல்லை, ‘நைனா’தான். தெலுங்குச் சொல். வீட்டில் தெலுங்கு பேசத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது!

மண்ணடி பாய்:
எங்கள் வீட்டுச் சொற்களும் உங்களிடம் இருக்கின்றன அண்ணே. நாஷ்டா, பேஜார், உஷார் எல்லாம் உருது வழியாக வந்தவை. ‘கெலீஜ்’ என்று நீங்கள் சொல்வதை என் நானி, அதாவது பாட்டி, ‘கலீஸ்’ என்பார், அழுக்கு என்று அர்த்தம். சாக்கடையைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் மூக்கைப் பொத்துவார்கள்.

ஆனால் ஒன்று, நாமும் சும்மா இல்லை. அடையாறுப் பையன் நம் டீக்கடையில் நின்று கொஞ்சம் இங்கிலீஷ் கலந்தால் போதும், ‘பீட்டர் வுடாத’ என்று ஓட்டிவிடுகிறோம்.

தண்டையார்பேட்டைக்காரி:
அதுவும் சரிதான் பாய், நானே ஓட்டியிருக்கிறேன். ஆனால் அவன் அதற்காக மாடிப்படிக்கு ஓடவில்லையே.

அப்புறம், இதையெல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “அய்யே, நான் எங்கடி அப்டி பேசிகினு கீறேன்?” என்கிறாள்.