மறுகட்டுமானக் குழு: மொட்டைமாடி சோலார்

*ரேவதி 3பி:* பில்டர் கொடுத்த நோட்டீஸ்ல "56 வீட்டுக்கும் முழு கரண்ட் சோலார்லயே"ன்னு இருக்கு. 14 மாடிக்கு நடக்குமா சேகர் சார்?

*சேகர் 9சி:* நடக்காதும்மா. மாடி 6,000 சதுர அடி. தொட்டி, லிஃப்ட் ரூம், ஃபயர் வழி போக 3,500 மிஞ்சும். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடின்னா 35 கிலோவாட். சென்னை வெயிலுக்கு நாளைக்கு 140 யூனிட் கிடைக்கும். வீட்டுக்கு 8 யூனிட்னு வெச்சாலே 450 ஆச்சு. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குன்னு காமன் கரண்டுக்கு மட்டும் கணக்குப் போடுங்க.

*இஸ்மாயில் 7ஏ:* சுவத்துல பேனல்?

*சேகர் 9சி:* செங்குத்தா நின்னா மாடியில வர்றதுல பாதிதான் பாய். மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடா சாய்ச்சு வெச்சா மூணு மணி வரைக்கும் வெயிலாவது உள்ள வராது, ஏசி ஓட்டம் குறையும்.

*தாமரை 11டி:* பேனலை விட நிழலைப் பாருங்க. லிஃப்ட் ரூமை வரைபடத்துல நடுவுல போட்டிருக்காங்க. 10 அடி ரூமுக்கு டிசம்பர் மதியம் ஏழரை அடி நிழல் வடக்கே விழும். ஜூன்ல சூரியனே வடக்கே போயிடுறதால தெற்கே 2 அடிதான். அதனால ரூம், தொட்டி ரெண்டும் வடக்கு ஓரம் போகணும். தெற்குக் கைப்பிடிச் சுவர் 4 அடின்னா அதுக்கும் 3 அடி விடணும். சீரீஸ்ல கோத்த பேனல்ல ஒண்ணு மேல நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே அடிவாங்கும்.

*தாமரை 11டி:* பேனல் ஸ்டாண்டுக்கான கான்கிரீட் மேடையை ஸ்லாப் கம்பியோட சேர்த்தே எழுப்பணும். மாடியில தட்டு ஓடு பதிச்சப்புறம் போல்ட்டுக்குத் துளைச்சா 14வது மாடி ஒழுகும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 படி சென்னைக்கு அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த உயரத்துல இன்னும் கூடும். சும்மா கல்லு வெச்சு நிறுத்தினா புயல்ல பறந்துடும் 🙏

*ரேவதி 3பி:* கரண்ட் போனா?

*சேகர் 9சி:* சாதா ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது ஈபி லைனோட சேர்ந்து மட்டும் ஓடுறது, நின்னுடும். லைன்ல வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஒரு லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும் ஹைப்ரிட் (லைன் இல்லேன்னாலும் பேட்டரியில ஓடுற இன்வெர்ட்டர்), பேட்டரி போதும். தண்ணிக்கு பேட்டரியே வேணாம். 30,000 லிட்டரை 45 மீட்டர் ஏத்த 8 யூனிட்தான் ஆகும். மேல்தொட்டியை ஒரு நாள் தண்ணி பிடிக்கிற மாதிரி கட்டி, மோட்டாரை நல்ல வெயில் இருக்கிற 11 மணிலேர்ந்து 2க்குள்ள ஓட்டிடலாம்.

*இஸ்மாயில் 7ஏ:* மானியம்?

*சேகர் 9சி:* மத்திய அரசோட மொட்டைமாடி சோலார் திட்டமான பிஎம் சூர்ய கர்ல குடியிருப்போர் சங்கத்தோட காமன் உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு ₹18,000. 35க்கு ₹6.3 லட்சம். பேனலும் செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க.

*தாமரை 11டி:* லிஃப்ட் ரூம் இடத்தை வரைபடத்துல குறிச்சு சாயங்காலம் போடுறேன். அஸ்திவாரத்துக்கு பைல் அடிக்கிறதுக்கு முன்னாடி மாத்தியாகணும்.