ஸ்பிரைட் படங்களை மொத்தமாகத் திருத்துதல்: சில கலைச்சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகளுக்கான ஸ்பிரைட் என்னும் சிறு படங்களை நூற்றுக்கணக்கில் ஒரே கட்டளையால் திருத்தும் வசதியைத் ‘தொகுதித் தொகுப்பு’ என்று அழைக்கலாம் என்னும் பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. பலவற்றை ஒரே முறையில் கையாளும் பேட்சுக்குத் ‘தொகுதி’ என்பதும், எடிட்டுக்குத் தமிழ் விக்கிப்பீடியா பழக்கிவிட்ட ‘தொகு’ என்பதும் தனித்தனியே நல்ல சொற்கள்தாம். ஆனால் பல ஸ்பிரைட்டுகளை ஒரே படத்தில் அடுக்கிய ஸ்பிரைட் ஷீட்டையும் ‘தொகுப்பு’ என்றே எழுதத் தொடங்கினால், மூன்றும் மென்பொருளின் ஒரே கட்டளைப் பட்டியலில் வந்து சேரும்போது ‘தொகுப்புத் தொகுதியைத் தொகு’ என்று நாப்பயிற்சி செய்ய வேண்டியதாகிவிடும். போதாக்குறைக்கு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கும் ‘தொகுப்பி’ என்றொரு பெயர் இருக்கிறது. எனவே இவ்விடத்தில் எடிட்டுக்குத் ‘திருத்து’ என்பதையே கொள்ளலாம்.

ஸ்பிரைட்டின் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டு ‘குறளி’, ‘அணங்கு’ என்று போவது சுவையாக இருக்கும், பயனருக்கு உதவாது. ஸ்பிரைட் திரையில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். 1979-இல் வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எம்.எஸ். 9918 என்னும் திரைக்காட்சிச் சில்லு, பின்னணியை மாற்றி வரையாமல் அதன் மேல் 32 சிறு படங்களைத் தனியே காட்டக்கூடியதாக இருந்தது. ஒரு கிடைவரியில் நான்குக்கு மேல் தெரியா. 1982-இன் கமடோர் 64 கணினியில் 24×21 புள்ளிகள் கொண்ட எட்டு ஸ்பிரைட்டுகள் இருந்தன. அந்த வன்பொருள் வரம்புகள் இன்று இல்லை என்றாலும், ஒளிபுகும் பின்புலம் கொண்ட படத்தைக் காட்சியின் மேல் ஒட்டிக் காட்டுவது என்னும் அடிப்படை மாறவில்லை. ஆகவே ‘ஒட்டுரு’ என்பதை முன்வைக்கிறேன். ஷீட்டுக்கு ‘ஒட்டுருத் தாள்’ போதும். ஐகானுக்குப் ‘படவுரு’ வழக்கில் இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் பேட்ச் என்னும் சொல்லில்தான் இருக்கிறது. அது ஒன்றுக்கொன்று மாறான இரண்டு வேலைகளைத் தனக்குள் மறைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வீரன் நடக்கும் அசைவின் எட்டுச் சட்டகங்கள் (ஃபிரேம்கள்) எட்டுக் கோப்புகளாக இருக்கின்றன என்று கொள்வோம். சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டச் சொன்னால், மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே விளிம்பைக் கணக்கிட்டு வெட்டிவிடலாம். அப்போது கை நீட்டிய சட்டகம் அகலமாகவும் கை மடக்கிய சட்டகம் ஒடுங்கியும் அமைந்து, நடுப்புள்ளி இடம் மாறி, விளையாட்டில் வீரன் நடப்பதற்குப் பதிலாகத் துடிப்பான். எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே செவ்வகத்தால் வெட்டினால் இந்தக் கோளாறு வராது. நிறங்களைக் குறைப்பதிலும் இதே கதைதான்: படத்துக்குப் படம் 16 நிறங்களைத் தெரிந்தெடுத்தால் ஒரே சிவப்பு மேலாடை சட்டகத்துக்குச் சட்டகம் சற்றே வேறுபட்டு மினுக்கும், பொதுவான நிறத்தட்டு ஒன்றை முதலில் வகுத்துக்கொண்டால் மினுக்காது.

இரண்டையும் ‘தொகுதித் திருத்தம்’ என்றால் பயனர் எதைத் தேர்ந்தெடுப்பது? தமிழில் இதற்கு வழி கைவசமே இருக்கிறது. தனித்தனியே கணக்கிடுவதற்குப் ‘படந்தோறும்’, எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதிக் கணக்கிடுவதற்கு ‘ஒருசேர’ என்று வைத்துக்கொண்டால், ‘படந்தோறும் விளிம்பு வெட்டு’, ‘ஒருசேர விளிம்பு வெட்டு’ என்னும் இரு கட்டளைகளும் விளக்கக் குறிப்பு இல்லாமலே புரியும். பட்டியலில் வருபவை ஏவல் வினைகள் என்பதால் எந்த வினையோடும் இவை ஒட்டி நிற்கும். ‘ஒருசேர’ என்பதைப் படங்களை ஒரே தாளில் அடுக்குவதாகச் சிலர் பொருள் கொள்ளக்கூடும் என்னும் மறுப்பு நியாயமானதே. அந்த வேலைக்கு ‘தாளில் அடுக்கு’ என்று தனியே எழுதிவிட்டால் குழப்பம் வராது. தொகுதி என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்த கோப்புகளின் கூட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அளவு மாற்றும் உரையாடல் பெட்டிக்கு ஒரு குறிப்பு. 16 புள்ளி அகலப் படத்தை 24 ஆக்கினால், ஒரு புள்ளித் தடிமன் கொண்ட கோடு சில இடங்களில் ஒன்றாகவும் சில இடங்களில் இரண்டாகவும் வரும். ஆகையால் அங்கே விழுக்காட்டைக் காட்டுவதைவிட ‘முழுமடங்கு’ என்னும் தெரிவைக் கொடுத்து 2, 3, 4 என்று காட்டுவது நல்லது. மேலும், படங்களைக் கட்டளைவரியில் திருத்தும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் மோக்ரிஃபை கட்டளை, வேறு அடைவைக் குறிப்பிடாவிட்டால் மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும் இயல்புடையது. அதைப் பின்புலமாகக் கொண்டு இயங்கும் கருவிகளில் ‘மூலக் கோப்புகள் மேலெழுதப்படும்’ என்னும் எச்சரிக்கையை முழு வாக்கியமாகவே இட வேண்டும்.

படத்தை இடம் வைக்கவும் சுழற்றவும் ஆதாரமாகக் கொள்ளும் புள்ளியான பிவட் என்பதற்கு மட்டும் இன்னும் முடிவு தேவை. ‘மையப்புள்ளி’ பிழையாகும், ஏனெனில் நிற்கும் உருவங்களுக்கு அது பெரும்பாலும் காலடியில் வைக்கப்படுகிறது. ‘ஊன்றுபுள்ளி’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சுழலும் சக்கரத்துக்கும் வாளுக்கும் அது பொருந்துமா என்பதைப் பற்றி மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.