தனி ஆவர்த்தனத்தின்போது பக்கத்து இருக்கைக்காரரோடு ஏன் இந்த நெருக்கம்?

கேள்வி (கச்சேரி ரசிகர்):
மார்கழிக் கச்சேரிகளுக்குத் தனியாகச் சென்று தனியாகத் திரும்புகிறவன் நான். சென்ற வாரம், பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் பாதிப் பேர் காப்பிக்கு எழுந்து போய்விட, எனக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் தொடையில் மிஸ்ர சாப்பு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். வாசிப்பை முடித்துவைக்கும் தாளக்கோவையான கோர்வை முடிந்து எங்கள் இருவர் கையும் ஒரே கணத்தில் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில், விழுந்தபோது, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, ஆயினும் நெடுநாள் பழகியவரைப் பிரிவதுபோல் இருந்தது. ராகத்தைக் கேட்டு உருகியபோதெல்லாம் நான் தனியாகத்தான் உருகியிருக்கிறேன். தாளத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தன்மை?

மறுமொழி (உளவியல் மாணவி):
கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் கேள்விக்கு மிக நெருங்கியது. 14 மாதக் குழந்தைகளை ஒருவர் தூக்கிவைத்துக்கொண்டு இசைக்கேற்ப மேலும் கீழும் அசைக்க, எதிரே நின்றவர் சில குழந்தைகளோடு ஒத்தும் சில குழந்தைகளோடு ஒவ்வாமலும் அசைந்தார். பிறகு அவர் பொருள்களைத் தவறவிட்டபோது, அவரோடு ஒத்து அசைந்த குழந்தைகளே அவற்றை எடுத்துக் கொடுக்க அதிகம் முன்வந்தன. தாளம் என்ற சொல்லே தெரியாத வயது அது.

மறுமொழி (மிருதங்கம் பயில்பவர்):
முதலில் ஒரு திருத்தம்: கோர்வை எப்போதும் சமத்தில் முடிவதில்லை, பாட்டின் எடுப்பில், அதாவது தாளச் சுற்றில் பாட்டு தொடங்கும் இடத்தில், முடிவதே வழக்கம், உங்கள் பாட்டில் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம். கோர்வையை மூன்று முறை வாசிப்பதால், முதல் முறை திகைத்தவருக்கும் மூன்றாம் முறைக்குள் அது எங்கே போய் விழும் என்பது பிடிபட்டுவிடுகிறது. நீங்கள் இருவரும் வாய் திறவாமல் ஒரே இடத்துக்காகக் காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்பில்தான் நெருக்கம் உண்டாகிறது என்பது என் எண்ணம். மேடையிலிருந்து பார்க்கும் எங்களுக்கும் அப்படியே. முன்வரிசையில் தாளம் தவறிப் போடுபவரைக் கண்டால் மட்டும் பார்வையைத் திருப்பிக்கொள்வோம்.

மறுமொழி (கிராமத்துக்காரர்):
கணக்குத் தெரிந்தால்தான் நெருக்கம் என்பதுபோல் தொனிக்கிறது. எங்கள் ஊர்க் கும்மியில் கணக்கு அறிந்தவர் ஒருவரும் இல்லை. காலும் கையும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன என் அத்தைமார் இருவர் ஒரே வட்டத்தில் நின்று விடிய விடியக் கை தட்டியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தண்ணீர் எடுக்கப் போனார்கள்.