வாரண்டி முடிந்த ஆல்-வீல்-டிரைவ் வண்டியில் மீண்டும் அதே பழுது: கட்டுவதா, கேட்பதா?

வேளச்சேரிவாசி:
2017இல் வாங்கிய, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஆல்-வீல்-டிரைவ் வண்டி. நீட்டித்த வாரண்டியும் முடிந்துவிட்டது. சென்ற ஆண்டு டிரான்ஸ்ஃபர் யூனிட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைத் திருப்பி அனுப்பும் பாகம், பழுதானது. அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலேயே புதியது போட்டு, மூன்று லட்சத்தை ஒட்டிக் கட்டினேன். இப்போது மீண்டும் அதே ஊளைச் சத்தம், அதே கருகிய ஆயில் வாடை. போட்ட பாகத்துக்கான ஆறு மாத உத்தரவாதம் தாண்டிவிட்டது என்று அதே தொகையை மறுபடியும் கேட்கிறார்கள். காரணம் கேட்டால் "தண்ணீர் புகுந்திருக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதுகூட என் வண்டி வேளச்சேரி மேம்பாலத்தின் மேல்தான் நின்றது. ஏன் போனது என்று சொல்லாமல் இரண்டாம் முறை பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

புதுப்பேட்டைக்காரன்:
ஐயா, சென்னைக்குள் ஓடும் வண்டிக்குப் பின்சக்கர விசை எதற்கு? பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன்சக்கர வண்டியாக ஓட்டுங்கள். அது பிடிக்கவில்லையென்றால் புதுப்பேட்டையில் பிரித்த வண்டியின் யூனிட்டைத் தேடிப் பிடியுங்கள். புதியதைவிடப் பல மடங்கு மலிவு. நிறுவனத்தோடு மல்லுக்கு நின்றால் வண்டி சாலைக்கு வராது, வயதுதான் ஏறும்.

வேளச்சேரிவாசி:
மனைவியின் ஊர் வால்பாறைக்கு அப்பால். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான். அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டத்து மண் பாதை, மழையில் சேறு. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து இந்த வண்டியை வாங்கினேன்.

அம்பத்தூர் பட்டறை:
ஷாஃப்டைக் கழற்றும் யோசனையைக் கடுமையாக எதிர்க்கிறேன். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் சென்டர் டிஃபரன்ஷியல் உள்ள சில வண்டிகளில் அதைக் கழற்றினால் விசை வெறுமனே சுழன்று வீணாகும், வண்டி நகராது. தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரங்களை இணைக்கும் வகை வண்டி என்றால் ஓடும். ஆனால், யூனிட்டின் உள்ளே இருக்கும் பல்சக்கரம் முன் டிஃபரன்ஷியலோடு பிணைந்தது. ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பேரிங் போன யூனிட் நெடுஞ்சாலை வேகத்தில் இறுகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேளச்சேரி ஐயா, இரண்டு கேள்விகள். வடித்த ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்ததா, கருப்பாகக் கெட்டியாக இருந்ததா? பாலைப்போல வெளுத்திருந்தால் தண்ணீர், கருத்திருந்தால் வெப்பம். அடுத்து, டயர்கள் எப்போது மாற்றினீர்கள், எத்தனை?

வேளச்சேரிவாசி:
கருப்பு, தாரைப்போல. டயரைப் பொறுத்தவரை, சென்ற முறை யூனிட் மாற்றியபோதே அவர்கள் முன்பக்கம் இரண்டு புதிய டயர்கள் போட்டார்கள்; பில்லில் இருக்கிறது. பின்டயர்கள் பாதிக்கு மேல் தேய்ந்தவை. "இன்னும் நன்றாக ஓடும், மாற்ற வேண்டாம்" என்றது அவர்களுடைய சர்வீஸ் ஆலோசகர்தான்.

அம்பத்தூர் பட்டறை:
அப்படியானால் தண்ணீர்க் கதையை விட்டுவிடலாம். புதிய டயரின் பட்டையில் உள்ள பள்ளங்களின் ஆழம் 8 மி.மீ. அளவில் இருக்கும். பின்டயரில் 3 மி.மீ. மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்தில் 5 மி.மீ. வித்தியாசம். இந்த அளவு வண்டியில் முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். நேர்ச்சாலையில்கூட அந்த வித்தியாசம் தீராது. பின்சக்கரங்களை இணைக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கும், யூனிட்டின் பல்லும் பேரிங்கும் ஓய்வே இல்லாமல் சுமை தாங்கும். ஆல்-வீல்-டிரைவ் வண்டிக்கு நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடிப் பாடம். பெயர்ப்பலகை மாட்டிய பணிமனைக்கு அது தெரியாமல் இருக்கக் கூடாது.

புதுப்பேட்டைக்காரன்:
டயர்தான் காரணம் என்றால் முதல் முறை ஏன் போனது? அப்போது நான்கும் ஒன்றுபோலத்தானே தேய்ந்திருக்கும்? அந்த யூனிட்டின் அமைப்பே சரியில்லை என்கிறேன். அதில் மறுபடியும் லட்சங்களைக் கொட்டச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அம்பத்தூர் பட்டறை:
நல்ல கேள்வி. முதல் பழுதுக்கு டயரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இத்தகைய யூனிட்டில் அரை லிட்டர் அளவு ஆயில்தான் பிடிக்கும். பல வண்டிகளில் அது வெப்பம் கக்கும் எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டி இருக்கிறது. அந்த ஆயில் வண்டியின் ஆயுளுக்கும் போதும் என்று எழுதி, மாற்றும் காலத்தையே குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் மே மாத வெயிலில் ஊர்ந்த ஆயில் எத்தனை ஆண்டு தாங்கும்? ஆகவே முதல் பழுதுக்கு ஆயில், இரண்டாவதற்கு டயர் என்பது என் ஊகம். திறந்து பார்த்தால்தான் உறுதி.

நங்கநல்லூர் வாசகி:
அமைப்பே குறை என்றால் புதிய நுகர்வோர் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று ஓர் அத்தியாயம் இருக்கிறதே, தயாரிப்பாளர் மீதே போடலாமே?

எழும்பூர் வழக்கறிஞர்:
அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 2019ஆம் ஆண்டு சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயம், பொருளால் விளைந்த தீங்குக்கு ஈடு கேட்பதற்கானது. 'தீங்கு' என்பதில் அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் அடங்காது என்று சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. யூனிட் உடைந்த செலவை அந்த வழியில் கேட்க முடியாது. அரசே வண்டியைத் திரும்பப் பெற உத்தரவிடும் ஏற்பாடும் ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்குத்தான்.

நான் சொல்வது வேறு வழி. வண்டியின் வாரண்டியை மறந்துவிடுங்கள். சென்ற ஆண்டு நீங்கள் பணம் கொடுத்துப் பெற்ற பழுதுபார்ப்பு தனி ஒரு சேவை. பழுதின் காரணத்தை ஆராயாமல் பாகத்தை மாற்றியதும், பொருந்தாத டயர்களோடு வண்டியை ஒப்படைத்ததும் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

புதுப்பேட்டைக்காரன்:
வழக்கறிஞர் ஐயா, பரிசோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் இழுப்பதுதானே நடைமுறை? பரிசோதனைச் செலவையும் முதலில் புகார்தாரர் தலையில் வைக்கலாம். அதுவரை அந்தக் குடும்பம் எதில் போவது? கடைசியில் தீர்ப்பு வந்தாலும் மேல்முறையீடு இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அலைச்சலும் ஒரு செலவுதான்.

எழும்பூர் வழக்கறிஞர்:
இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் வழக்கு முடியும்வரை வண்டியை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஆதாரத்தைப் பத்திரப்படுத்திவிட்டு வேறு எங்கும் சரிசெய்து ஓட்டலாம். பழுதான யூனிட்டை அவர்களிடம் விட்டுவிட்டால் மட்டும் வழக்கு அன்றோடு முடிந்தது. பழுதின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்தால் அது அவர்களைக் கட்டும். மறுத்தால் அந்த மறுப்பும் உங்களுக்கு ஆதாரம். காரணத்தை எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளின் முன்னால் பல பணிமனைகள் பாதித் தொகையை விட்டுக்கொடுக்க இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

புதுப்பேட்டைக்காரன்:
கடிதம் எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணிமனைக்கே இன்னொரு மூன்று லட்சம் போவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய யூனிட் வாங்கினாலும் சீல், பேரிங் மாற்றி, புதிய ஆயில் ஊற்றிப் போட்டால் ஓடும்.

அம்பத்தூர் பட்டறை:
ஓடும், நான்கு டயர்களையும் ஒன்றாக்கினால். அதைச் செய்யாமல் எந்த யூனிட்டைப் போட்டாலும் அதே கதி.

வேளச்சேரிவாசி:
காரணம் கேட்டு நாளை பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புகிறேன். டயர் ஆழத்தை அளந்து படம் எடுத்துவிட்டேன்: முன்னால் 7, பின்னால் 3 மி.மீ.கூட இல்லை. என் முன்னிலையில்தான் யூனிட்டைத் திறக்க வேண்டும் என்று எழுதப் போகிறேன். அம்பத்தூர் ஐயா, அன்று நீங்கள் வர முடியுமா?

அம்பத்தூர் பட்டறை:
வருகிறேன். வடிக்கும் ஆயிலைக் கொட்டிவிடாமல் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வண்டியை இழுத்துப் போக வேண்டியிருந்தால் நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி ஏற்றும் லாரியைக் கேளுங்கள். இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டியில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.